நெட்வொர்க்கை ஒப்படைத்த பிறகு கையில் என்ன மிச்சம்?

பெரிய நிறுவனங்கள் தங்கள் கணினி நெட்வொர்க்கின் நிர்வாகத்தை வெளியாரிடம் ஒப்படைக்கலாமா என்ற கேள்விக்கு விடை தேடக் கொல்கத்தா பொருத்தமான ஊர். இந்த வியாபாரத்தில் வாங்குபவரும் விற்பவரும் அங்கே அடுத்தடுத்து இருக்கிறார்கள். யூகோ வங்கி, பந்தன் வங்கி, கோல் இந்தியா, ஐ.டி.சி., கிழக்கு ரயில்வே, தென்கிழக்கு ரயில்வே என்று நூற்றுக்கணக்கான இடங்களில் கிளைவிட்டிருக்கும் அமைப்புகளின் தலைமையகங்கள் அங்கே உள்ளன. சால்ட் லேக்கின் ஐந்தாம் செக்டாரிலும் நியூ டவுனிலும் டி.சி.எஸ்., காக்னிசன்ட், விப்ரோ, ஐ.பி.எம். ஆகியவற்றின் பெரிய வளாகங்கள் உள்ளன. அங்கே பணிபுரிவோரில் பலருக்கு வெளிநாட்டு நிறுவனங்களின் கணினி அமைப்புகளைப் பராமரிப்பதுதான் அன்றாட வேலை. ஒப்படைத்ததால் கிடைத்த நன்மை, வந்த சேதம் இரண்டுக்குமான சான்றுகள் இந்த ஒரு நகரத்தின் கடந்த எழுபது ஆண்டு வரலாற்றிலேயே கிடைக்கின்றன. அவற்றையும் உலகின் பிற அனுபவங்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரமுடிகிறது. வேலையை ஒப்படைப்பதில் தவறில்லை. வேலையோடு சேர்ந்து அதைப் பற்றிய அறிவும் வெளியேறிவிடுகிறது என்பதே ஆபத்து. அந்த அறிவை உள்ளேயே வைத்துக்கொள்ள ஆகும் செலவையும் கூட்டிய பிறகு மிச்சம் தெரிந்தால்தான் அது உண்மையான மிச்சம்.

நெட்வொர்க் நிர்வாகம் என்பதில் அடங்கியவற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏறத்தாழ 3,000 கிளைகள் கொண்ட ஒரு வங்கியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிளையிலும் ஒரு ரூட்டர், ஸ்விட்ச், குறைந்தது இரண்டு இணைப்புகள். நகரக் கிளைக்கு ஃபைபர் வரும். சுந்தரவனத் தீவுக் கிளைக்கு வீசாட் எனப்படும் செயற்கைக்கோள் இணைப்போ செல்பேசிச் சிம்மோ துணை நிற்கும். இவை எல்லாம் முதன்மைத் தரவு மையத்துக்கும், வேறு நிலநடுக்க மண்டலத்தில் அமைந்த மாற்றுத் தரவு மையத்துக்கும் போய்ச் சேர வேண்டும். இடையில் ஃபயர்வால்கள், ஏ.டி.எம். இணைப்பு, யு.பி.ஐ., ஐ.எம்.பி.எஸ். பரிமாற்றங்களுக்கான தனி வழிகள், மேகக் கணினிச் சேவைகளுக்கான கதவுகள். இவற்றை 24 மணி நேரமும் கண்காணிக்கும் இடம் ‘நாக்’. அங்கே எல்-1 பணியாளர் திரையில் சிவப்பு விளக்கைப் பார்த்து டிக்கெட் போடுவார். எல்-2 பொறியாளர் பழுது பார்ப்பார். எல்-3 நிபுணர் வடிவமைப்பையே மாற்றுவார். ஒப்பந்தம் போடும்போது இந்த மூன்றையும் ‘நெட்வொர்க் நிர்வாகம்’ என்ற ஒரே தலைப்பில் சேர்த்துவிடுவார்கள். திரையைப் பார்க்கும் வேலையும் எந்த ஃபயர்வால் விதியை ஏன் எழுதினோம் என்று தெரிந்திருக்கும் வேலையும் ஒரே தன்மையுடையவை அல்ல. பிற்காலச் சிக்கல்கள் பலவற்றின் வேர் இந்தக் கலப்பில் இருக்கிறது.

எழுபது ஆண்டுப் பாதை

இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி 1955இல் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தது. பிரிட்டனில் வாங்கிய எச்.இ.சி.-2எம் என்ற அந்த இயந்திரத்தைக் கழகத்தின் ஆட்களே இயக்கினார்கள், அவர்களே பழுதும் பார்த்தார்கள். வேறு வழியும் இல்லை. அடுத்த பதினைந்து ஆண்டுக்குள் அதே நகரம் கணினியை எதிர்த்த நகரமாகவும் பெயரெடுத்தது. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் இலாக்கோ ஹவுஸ் கட்டடத்தில் கணினி நிறுவ முற்பட்டபோது ஊழியர் சங்கங்கள் இரவும் பகலும் காவலிருந்து தடுத்தன. வேலை போய்விடும் என்ற அச்சமே அதன் அடிப்படை. ஐ.பி.எம். 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது வேறொரு கேள்வி எழுந்தது. நாடு முழுவதும் விட்டுச்சென்ற இயந்திரங்களை யார் பராமரிப்பது? அந்தப் பொறுப்பை ஏற்றது அரசு நிறுவனமான சி.எம்.சி. இயந்திரத்தை வைத்திருப்பவர் ஒருவர், அதைப் பராமரிக்கத் தெரிந்தவர் வேறொருவர் என்ற பிரிவை இந்தியா அப்போதே கண்டுவிட்டது. பின்னர் டாடா வசம் சென்ற சி.எம்.சி., 2015இல் டி.சி.எஸ்.ஸோடு இணைந்தது.

உலக அளவில் இந்த வழக்கத்துக்கு மரியாதை தேடித்தந்தது 1989இல் ஈஸ்ட்மன் கோடக் எடுத்த முடிவு. தரவு மையத்தை ஐ.பி.எம்.மிடமும் தகவல்தொடர்பு நெட்வொர்க்கை டிஜிட்டல் எக்விப்மென்ட்டிடமும் மேசைக் கணினிகளைப் பிசினஸ்லேண்டிடமும் அது பிரித்துக் கொடுத்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே கணினிப் பிரிவைக் கைமாற்றியதைப் பார்த்து மற்றவர்களும் துணிந்தார்கள். இந்தியாவில் அதைவிடத் துணிச்சலான சோதனை செல்பேசித் துறையில் நடந்தது. 1995 ஜூலை 31 அன்று முதலமைச்சர் ஜோதி பாசு கொல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தார். நாட்டின் முதல் செல்பேசி உரையாடல் அது. அதை ஏற்றிச்சென்ற மோடி டெல்ஸ்ட்ரா நெட்வொர்க் ஸ்பைஸ் என்று பெயர் மாறி, பிறகு பார்தி நிறுவனத்தின் கைக்கு வந்தது. அந்தப் பார்தி 2004இல் நெட்வொர்க் நிறுவுதல், இயக்குதல், பராமரித்தல் ஆகியவற்றில் பெரும்பகுதியை எரிக்சனிடமும் நோக்கியாவிடமும், கணினி அமைப்புகளை ஐ.பி.எம்.மிடமும் ஒப்படைத்தது. எரிக்சன் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்கு ஏறத்தாழ 40 கோடி டாலர், ஐ.பி.எம். ஒப்பந்தம் பத்து ஆண்டுக்கு ஏறத்தாழ 75 கோடி டாலர். செல்பேசி நிறுவனமே தன் நெட்வொர்க்கை அடுத்தவரிடம் கொடுத்தால் அதன் கையில் மிச்சம் இருப்பது என்ன என்று அன்று பலர் கேட்டார்கள்.

நடந்தது அவர்கள் பயந்தபடி இல்லை. பார்தி இந்தியாவின் மிகப் பெரிய செல்பேசி நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. அந்த ஒப்பந்த வடிவம் வணிகப் பள்ளிகளில் பாடமானது. வெற்றியின் காரணம் ஒப்பந்தத்தின் அமைப்பில் இருந்தது. கருவிகளின் எண்ணிக்கைக்குப் பணம் தராமல், பயன்பாட்டுக்கு வந்த கொள்ளளவுக்குப் பணம் தந்தார்கள். ஐ.பி.எம்.முக்கான கட்டணம் வருவாயோடு பிணைக்கப்பட்டது. தேவையில்லாத கருவிகளைத் தலையில் கட்டும் ஆசை விற்பவருக்கு எழாதபடி ஒப்பந்தமே பார்த்துக்கொண்டது. இப்படி ஒரு பேரத்தை எழுத நெட்வொர்க்கின் நெரிசல், கொள்ளளவு, வளர்ச்சி வேகம் எல்லாம் வாங்குபவருக்கு விரல்நுனியில் தெரிந்திருக்க வேண்டும். பார்திக்குத் தெரிந்திருந்தது. பத்தாண்டு முடிந்து 2014இல் புதுப்பித்தபோது ஒப்பந்தம் குறுகிய காலத்துக்கு, குறைந்த எல்லையோடு எழுதப்பட்டது. கொடுத்ததில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அளவுக்கு அறிவு உள்ளே இருந்ததால்தான் அது இயன்றது.

வாங்குவதா, செய்துகொள்வதா

ஒரு வேலையைச் சந்தையில் வாங்குவதா, நிறுவனத்துக்குள் செய்துகொள்வதா என்ற கேள்வியை 1937இல் ரொனால்ட் கோஸ் தெளிவாக எழுப்பினார். சந்தையில் வாங்குவதற்கும் ஒரு செலவு உண்டு: ஆள் தேட வேண்டும், பேரம் பேச வேண்டும், சொன்னபடி செய்தாரா என்று பார்க்க வேண்டும். அந்தச் செலவு மிகும் இடத்தில் நிறுவனம் தானே செய்துகொள்கிறது என்பது அவர் வாதம். இதை ஆலிவர் வில்லியம்சன் மேலும் கூர்மையாக்கினார். ஒரு வேலைக்கான அறிவும் முதலீடும் எவ்வளவுக்கு அந்த ஓர் உறவுக்கு மட்டுமே பயன்படக்கூடியவையோ, அவ்வளவுக்கு இரு தரப்பும் ஒன்றிடம் மற்றொன்று சிக்கிக்கொள்ளும். இருவருக்கும் பிற்காலத்தில் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நெட்வொர்க்கை இந்த அளவுகோலால் அளந்தால் அது இரண்டாகப் பிரிகிறது. ரூட்டர் பொதுப்பொருள், அதை இயக்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் கிடைப்பார்கள். ஒரு குறிப்பிட்ட வங்கியின் ரூட்டர்கள் ஏன் இந்த வரிசையில் பிணைக்கப்பட்டுள்ளன, பழைய மென்பொருள் ஒன்றுக்காக எட்டு ஆண்டுக்கு முன் திறந்த கதவை மூடினால் எது நிற்கும் என்ற அறிவு எந்தச் சந்தையிலும் விற்பதில்லை.

இந்த வேறுபாட்டை வங்கி இணைப்புகளிலும் காணலாம். மத்திய அரசு 2019 ஆகஸ்டில் பொதுத்துறை வங்கிகளின் இணைப்பை அறிவித்தபோது, கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இரண்டு வங்கிகள் பட்டியலில் இருந்தன. யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா பஞ்சாப் நேஷனல் வங்கியோடும், அலகாபாத் வங்கி சென்னையின் இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. இணையும் வங்கிகள் ஒரே மைய வங்கி மென்பொருளைப் பயன்படுத்துவது ஒரு தகுதியாகவே சொல்லப்பட்டது. இந்தியன் வங்கி, அலகாபாத் வங்கி இரண்டுமே பயன்படுத்தியது டி.சி.எஸ்.ஸின் பேங்க்ஸ். சட்டப்படியான இணைப்பு 2020 ஏப்ரல் 1 அன்று நடந்தது. கணினி அமைப்புகள் ஒன்றாவதற்கு 2021 பிப்ரவரி ஆயிற்று. இடையில் கொரோனா முடக்கம் இருந்தது உண்மை. இருந்தாலும், ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருளை வாங்கிய இருவர் அதைத் தங்கள் தங்கள் வழியில் வளர்த்திருப்பார்கள். அதைச் சுற்றியுள்ள இணைப்புகளும் விதிவிலக்குகளும் ஒவ்வொருவருக்கும் தனி. விற்பவருக்குப் பொருள் தெரியும். அந்த விதிவிலக்குகள் வைத்திருப்பவருக்குத்தான் தெரிய வேண்டும்.

சராசரி மறைப்பவை

ஒப்பந்தங்கள் இந்த அறிவை எண்ணாக்கி அளக்க முயல்கின்றன. எஸ்.எல்.ஏ. எனப்படும் சேவைத்தர உறுதிமொழியின் உயிர்நாடி ஒரு சதவீதம்: மாதத்தில் 99.9 சதவீத நேரம் இணைப்பு இருக்க வேண்டும், குறைந்தால் அபராதம். கேட்க நிறைவாக இருக்கிறது. 30 நாள் மாதத்தில் 99.9 சதவீதம் என்றால் 43 நிமிடம் வரை நிற்கலாம், 99.5 என்றால் 3 மணி 36 நிமிடம் வரை. அந்த 43 நிமிடம் நள்ளிரவில் வருவதும் சம்பள நாள் காலையில் வருவதும் ஒன்றல்ல. எண்ணில் இரண்டும் ஒன்றே. சராசரி இன்னும் தந்திரமானது. 3,000 கிளைகளின் கூட்டுச் சராசரியாக 99.9 சதவீதத்தை எழுதிவைத்தால், மூன்று கிளைகள் மாதம் முழுவதும் இணைப்பே இல்லாமல் கிடந்தாலும், மற்றவை நிற்காமல் ஓடினால் ஒப்பந்தம் நிறைவேறிவிடும். அந்த மூன்றும் படகில் போய்ச் சேரவேண்டிய தீவுக் கிளைகளாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் பழுது பார்க்கச் செலவு கூடுதலாகும் இடம் அதுதான். இங்கே யாரும் ஏமாற்றவில்லை. அளக்கச் சொன்னதை அளந்தார்கள். எதை அளக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாதவர் வாங்கியிருக்கிறார்.

2020 மே 20 அன்று கொல்கத்தாவைத் தாக்கிய அம்பன் புயல் இன்னொரு மறைவை வெளியே கொண்டுவந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மின்கம்பியோடும் மரக்கிளையோடும் பின்னித் தொங்கிய கேபிள்களும் அறுந்தன. மின்சாரமும் இணையமும் செல்பேசியும் பல பகுதிகளில் நாள்கணக்கில் திரும்பவில்லை. மரங்களை அகற்ற ராணுவத்தை அழைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு இணைப்புகள் வேண்டும் என்று ஒப்பந்தங்கள் சொல்வது வழக்கம். அந்த இரண்டும் ஒரே கம்பத்தில் தொங்கினால், ஒரே பள்ளத்தில் புதைந்திருந்தால், காகிதத்தில் இரண்டு, மண்ணில் ஒன்று. இணைப்பு எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேட்டு, நேரில் பார்த்து, வரைபடத்தில் குறித்துவைத்திருப்பது வாடிக்கையாளரின் வேலை. புயலுக்கு ஒப்பந்தத்தில் இயற்கைச் சீற்ற விலக்கு உண்டு, ஆகவே விற்பவருக்கு அபராதம் இல்லை. வங்கி வாசலில் நிற்பவரிடமும் மருத்துவமனைக்கு வந்தவரிடமும் அந்த விலக்கைக் காட்டித் தப்பிக்க முடியாது.

பொறுப்பு எங்கே நிற்கிறது

2023 நவம்பரில் யூகோ வங்கியில் நடந்தது இந்தக் கேள்வியை நாடு முழுவதும் பேசவைத்தது. நவம்பர் 10 முதல் 13 வரை, காளி பூஜையும் தீபாவளியும் சேர்ந்த விடுமுறை நாள்களில், ஐ.எம்.பி.எஸ். பரிமாற்றத்தில் ஏற்பட்ட கோளாறால் ஏறத்தாழ 820 கோடி ரூபாய் 41,000க்கும் மேற்பட்ட யூகோ கணக்குகளில் தவறாக வரவு வைக்கப்பட்டது. பணம் அனுப்பிய வங்கிகளில் பற்று எழுதப்படவில்லை. இங்கே வரவு மட்டும் விழுந்தது. எட்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள். சில நாள்களிலேயே 649 கோடியை மீட்டதாக வங்கி அறிவித்தது. வங்கியின் புகாரின்பேரில் சி.பி.ஐ. வழக்குப் பதிந்தது. அந்தப் புகாரில் வங்கியோடு பணிபுரிந்த இரண்டு சப்போர்ட் எஞ்சினியர்களும் அடையாளம் தெரியாத மற்றவர்களும் குறிப்பிடப்பட்டிருந்தார்கள். டிசம்பரில் கொல்கத்தா, மங்களூரு உள்பட 13 இடங்களில் சோதனை நடந்தது. குற்றம் யாருடையது என்பது விசாரணையும் நீதிமன்றமும் முடிவுசெய்ய வேண்டியது. நம் வாதத்துக்கு அதைவிட முக்கியம், கோளாறு நான்கு நாள் ஓடியது என்பது. மாற்றம் செய்யும் கை யாருடையதாக இருந்தாலும், கணக்கு இசையவில்லை என்று அன்றே கூவும் கண் வங்கிக்குள் இருக்க வேண்டும்.

ரிசர்வ் வங்கி இதைச் சட்டமொழியில் முன்பே சொல்லியிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சேவைகளை வெளியாரிடம் ஒப்படைப்பது குறித்த அதன் நெறிமுறை 2023 ஏப்ரல் 10 அன்று வெளியாகி, அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வேலையை ஒப்படைப்பதால் வங்கியின் கடமையும் அதன் இயக்குநர் குழுவின் பொறுப்பும் சிறிதும் குறையாது என்பதே அதன் மையம். ஒப்பந்த நிறுவனத்தையும் அதன் துணை ஒப்பந்ததாரரையும் தணிக்கை செய்யும் உரிமை, சைபர் தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கும் ஏற்பாடு, ஒப்பந்தம் முறிந்தால் வெளியேறும் வழி ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. 2024 ஏப்ரலில் கோடக் மகிந்திரா வங்கி இணையம் வழியே புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது என்று தடை விதித்தபோது ரிசர்வ் வங்கி எடுத்துக்காட்டிய குறைகளில் வெண்டார் இடர் மேலாண்மையும் ஒன்று. பிரிட்டனில் இன்னும் கடுமையான முன்னுதாரணம் இருக்கிறது. டி.எஸ்.பி. வங்கி 2018 ஏப்ரலில் தன் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றியது. அந்தப் பணியைச் செய்தது அதன் தாய் வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சாபிஸ் நிறுவனம், அதன் பின்னால் 85 துணை ஒப்பந்ததாரர்கள். மாற்றம் குளறுபடியாகி, நிலைமை சீராக அந்த ஆண்டின் இறுதி ஆனது. ஒழுங்குமுறை அமைப்புகள் 2022இல் வங்கிக்கு 4.86 கோடி பவுண்டு அபராதம் விதித்தன. அடுத்த ஆண்டு வங்கியின் அப்போதைய தலைமைத் தகவல் அதிகாரியும் சொந்தமாக 81,620 பவுண்டு கட்ட வேண்டியதாயிற்று. ஒப்பந்த நிறுவனம் தயாராகிவிட்டதாகச் சொன்னதைப் போதிய சோதனையின்றி ஏற்றார் என்பதே அவர்மீது சொல்லப்பட்ட குறை.

ஒருவரையே பலர் நம்பும்போது இடர் பெருகுகிறது. 2020 டிசம்பரில் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவல் நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் மென்பொருளின் வழியாகவே நடந்தது; நச்சுக் கலந்த அப்டேட்டை ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் இறக்கிக்கொண்டார்கள். 2021 ஜூலையில் கசேயா நிறுவனத்தின் தொலைநிலைப் பராமரிப்பு மென்பொருள் தாக்கப்பட்டபோது, ஒப்பந்தப் பராமரிப்பாளர்கள் சிலர் வழியாக 1,500 வரையிலான சிறு நிறுவனங்கள் முடங்கின. இந்தியாவில் 2024 ஜூலை இறுதியில், டி.சி.எஸ்.ஸும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து நடத்தும் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. பரவாமல் தடுக்கத் தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் அதைத் தன் நெட்வொர்க்கிலிருந்து துண்டித்தது. ஏறத்தாழ 300 கூட்டுறவு, கிராமப்புற வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள். அந்த வங்கிகளால் செய்ய முடிந்தது பெரும்பாலும் காத்திருப்பது மட்டுமே.

மறுப்புகள்

இங்கே எழும் முதல் மறுப்பு, சொந்தமாக நடத்தியவர்களும் விழுந்திருக்கிறார்களே என்பது. உண்மை. ரயில்வே தன் கணினி அமைப்புகளைத் தனியாருக்கு விடவில்லை. 1986இல் உருவான க்ரிஸ் என்ற சொந்த அமைப்பும் 2000இல் தொடங்கிய ரயில்டெல்லும் அதன் பின்னால் உள்ளன. 2021 மார்ச் 8 மாலை ஸ்ட்ராண்ட் சாலையிலுள்ள ரயில்வேயின் நியூ கொய்லாகாட் கட்டடத்தின் 13ஆம் மாடியில் தீப்பிடித்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். தீயணைப்பு வீரர்களும் அவர்களில் உண்டு. கட்டடத்தின் மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் அங்கிருந்த சர்வர்கள் நின்று, கிழக்கிந்தியாவில் ரயில் முன்பதிவு தடைபட்டது. சொந்தம் என்பதே பாதுகாப்பாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இது என் வாதத்தை எதிர்க்கவில்லை. நெட்வொர்க்கின் எந்தப் புள்ளி அறுந்தால் எல்லாம் நிற்கும் என்று அறிந்து அதற்கு மாற்று வைப்பதே நான் சொல்லும் அறிவு. அது இல்லாத இடத்தில் சொந்த ஊழியரும் ஒப்பந்த ஊழியரும் ஒரே நிலையில் நிற்பார்கள். இருந்தால் இரு வகையினரையும் வேலை வாங்கலாம்.

இரண்டாவது மறுப்பு வலுவானது. சிறிய, புதிய நிறுவனத்துக்கு இத்தனை நிபுணர்களை வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகுமா? 2015 ஆகஸ்ட் 23 அன்று பந்தன் 501 கிளைகளோடு வங்கியாகத் தொடங்கியபோது அதற்கு முன் வங்கிக் கணினி அனுபவம் இல்லை, எஃப்.ஐ.எஸ். நிறுவனத்தின் அமைப்பை எடுத்துக்கொண்டதால்தான் முதல் நாளே அத்தனை கிளைகளைத் திறக்க முடிந்தது. இது ஒப்படைப்பின் நியாயமான பயன். 2023 அக்டோபரில் அது வேறொரு மைய வங்கி மென்பொருளுக்கு மாறியது; எட்டு ஆண்டில் தேவையும் வளர்ந்தது, தேர்ந்தெடுக்கும் திறனும் வளர்ந்தது. தனியாக நிபுணர் வைக்க முடியாதவர்கள் கூட்டாக வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் இந்தியாவிலேயே மாதிரி உண்டு. ரிசர்வ் வங்கி நிறுவிய ஐதராபாத்தின் ஐ.டி.ஆர்.பி.டி. 1999இல் வங்கிகளுக்கென இன்ஃபினெட் என்ற பொது நெட்வொர்க்கைத் தொடங்கியது. நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கென 2024இல் ஒரு குடை அமைப்பு தொடங்கப்பட்டுள்ளது. நூறு சிறு வங்கிகள் சார்பில் ஒப்பந்தத்தை எழுதவும், தணிக்கை செய்யவும், நெருக்கடியில் முடிவெடுக்கவும் பத்து நிபுணர்கள் கொண்ட ஒரு பொதுக்குழு போதும். நூறு வங்கிகளும் ஒரே நிறுவனத்திடம் தனித்தனியாகச் சிக்கிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது.

மேகக் கணினிக் காலத்தில் நெட்வொர்க்கே அடுத்தவருடையதுதானே, இதில் காப்பாற்ற என்ன இருக்கிறது என்பது மூன்றாவது மறுப்பு. எஸ்.டி.-வான் தொழில்நுட்பம் வந்தபின் கிளை ரூட்டர்களை ஒரு மென்பொருள் திரையிலிருந்தே மாற்றிவிடலாம், கைவேலை குறைந்தது. கைவேலை குறையக் குறைய ஒவ்வொரு முடிவின் கனமும் கூடுகிறது. முன்பு ஒரு தவறான கட்டளை ஒரு கிளையை நிறுத்தும். இன்று அதே தவறு எல்லாக் கிளைகளையும் ஒரே நொடியில் நிறுத்தும். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான க்ரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரே அப்டேட் உலகம் முழுவதும் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. எந்த மாற்றம் எப்போது எந்த வரிசையில் போக வேண்டும், முதலில் எந்தப் பத்துக் கிளையில் சோதிக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் அதிகாரம் முன்னைவிட இப்போது விலைமதிப்புள்ளது.

நான்காவது மறுப்பு பொதுத்துறையிலிருந்து வருகிறது: எங்கள் சம்பள விகிதத்தில் நல்ல நெட்வொர்க் நிபுணர் வரமாட்டார், வந்தாலும் தங்கமாட்டார். ஐ.பி.பி.எஸ். தேர்வு வழியாக ஐ.டி. அதிகாரிகளை எடுக்கிறார்கள்; பதவி உயர்வின் பாதையோ பொது வங்கிப் பணியை நோக்கிப் போகிறது. அந்தப் பாதையில் திறமைசாலி ஒருவர் ஃபயர்வாலை விட்டுக் கிளை மேலாளர் நாற்காலிக்குப் போவதைக் குறைசொல்ல முடியாது. டெண்டர் முறையும் இதற்குத் துணைபோகிறது. ஆகக் குறைந்த விலைக்காரருக்கே வேலை என்ற வழக்கத்தில், விலையைக் குறைக்க எளிய வழி அனுபவசாலிகளுக்குப் பதில் புதியவர்களை அனுப்புவது. தரத்துக்கும் மதிப்பெண் தரும் முறையைப் பயன்படுத்த 2021 அக்டோபரில் மத்திய நிதியமைச்சகம் வழிதிறந்தது. தரத்துக்கு 30 சதவீதம் வரை எடை தரலாம். ஆனால் தரத்துக்கு மதிப்பெண் போட, தரம் தெரிந்தவர் மேசையின் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆள் இல்லாததால் ஒப்படைக்கிறோம், ஒப்படைத்ததால் ஆள் வளர்வதில்லை என்ற சுழல் இப்படித்தான் இறுகுகிறது. நிலத்தைத் தலைமுறைக்கணக்கில் குத்தகைக்கு விட்டு, கடைசியில் எல்லைக்கல் எங்கே என்று குத்தகைதாரரையே கேட்கும் மிராசுதாரின் நிலை அது.

எதை வைத்துக்கொள்வது

அப்படியென்றால் உள்ளே நிற்கவேண்டியவை எவை? நெட்வொர்க்கின் முழு வரைபடமும் ஒவ்வொரு கருவியின் கட்டமைப்புப் பிரதியும் வாடிக்கையாளரின் சொந்த இடத்தில், அன்றன்று புதுப்பித்து இருக்க வேண்டும். தலைமை நிர்வாகக் கடவுச்சொற்களும் அனுமதிகளும் வாடிக்கையாளரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். ஒப்பந்தப் பொறியாளர் வேலைக்கேற்ற அளவில், பதிவாகும்படி, காலவரையறையோடு உள்ளே வர வேண்டும். வடிவமைப்பு மாற்றம் எதுவானாலும் உள்ளிருக்கும் ஒருவர் புரிந்துகொண்டு கையெழுத்திட வேண்டும். நெருக்கடியில் எதை முதலில் மீட்பது, எதைத் துண்டிப்பது என்ற கட்டளை வாடிக்கையாளரிடமிருந்து வர வேண்டும். வெளியேறும் திட்டம் ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் தூங்காமல், ஆண்டுக்கொரு முறையாவது ஒரு சிறு பகுதியை வேறொருவரிடமோ தன்னிடமோ மாற்றிப்பார்த்துச் சோதிக்கப்பட வேண்டும். திரையைப் பார்ப்பது, டிக்கெட் போடுவது, கருவி மாற்றுவது, இணைப்புக்காரரைத் துரத்துவது, இரவுப்பணி ஆகியவற்றை வெளியே கொடுக்கலாம். பெரிய ஒப்பந்த நிறுவனம் அவற்றை மலிவாகவும் பெரும்பாலும் மேலாகவும் செய்யும். ஜே.பி. மார்கன் சேஸ் 2002 டிசம்பரில் ஐ.பி.எம்.மோடு செய்த 500 கோடி டாலர் ஒப்பந்தத்தை 2004இல் ரத்துசெய்து ஏறத்தாழ 4,000 பேரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அவ்வளவு பணமும் துணிவும் எல்லோரிடமும் இருக்காது. அதனால்தான் முழுவதும் கொடுத்துவிட்டுத் திரும்பப் பெறுவதைவிட, கொடுக்கும்போதே எது தங்க வேண்டும் என்று முடிவுசெய்வது மலிவு.

இலாக்கோ ஹவுஸ் காலத்துத் தொழிலாளர் கேள்வி இங்கே புதிய உருவில் நிற்கிறது. கணினி வேலையைத் தின்றுவிடும் என்று அஞ்சிய அதே நகரத்தில் ஐந்தாம் செக்டார் வேலை தந்தது. ஆனால் துணை ஒப்பந்தத்தின் கடைசிப் படியில் இருக்கும் பொறியாளர், ஆண்டுக்காண்டு நிறுவனம் மாறிக்கொண்டு, குறைந்த சம்பளத்தில், இன்னொருவரின் நெட்வொர்க்கின் சாவியை வைத்திருக்கிறார். அவர் போகும்போது அவர் கற்றதும் போய்விடுகிறது. அவருடைய பணிப் பாதுகாப்பை ஊதியப் பிரச்சினையாக மட்டும் பார்க்கும் நிறுவனம் தன் பாதுகாப்பைக் குறைத்துக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று கேட்பதோடு, அவர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டாவது நிலைத்திருந்தார்கள் என்றும் வாங்குபவர் கேட்க வேண்டும். அதற்கு விலை கூடினால் அது வீண்செலவாகாது.

ஆகவே, இயக்குநர் குழுவின் முன் ஒப்படைப்புத் திட்டம் வரும்போது சேமிப்புத் தொகைக்குப் பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதப்பட வேண்டும்: உள்ளே தங்கும் நிபுணர் குழுவின் ஆண்டுச் செலவு. அந்த வரி இல்லாத திட்டத்தில் காட்டப்படும் லாபம், பிற்பாடு கட்டவேண்டிய செலவைத் தள்ளிவைத்த கணக்கு. அந்த வரியை எழுதிய பிறகும் ஒப்படைப்பு பெரும்பாலும் லாபமாகவே இருக்கும் என்பதுதான் பார்தியும் பந்தனும் தரும் பாடம். கொல்கத்தாவின் தலைமையகங்களுக்கு ஆள் இல்லை என்ற சாக்கும் செல்லாது. வெளிநாட்டு நெட்வொர்க்குகளைக் கட்டிக் காக்கத் தெரிந்தவர்கள் அவர்களின் ஊரிலேயே, சில கிலோமீட்டர் தொலைவிலேயே வேலை பார்க்கிறார்கள். அவர்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்து தங்குவதற்கேற்ற சம்பளமும், நெட்வொர்க்கை விட்டு நகராமலேயே மேலே ஏறும் பதவிப்படியும் அமைப்பது இயக்குநர் குழுவின் ஒரு தீர்மானத்தால் முடியக்கூடியது. அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றிய பிறகு டெண்டர் விடட்டும்.